கம்பஸ் எப்ப திறக்குமாம்?

மூச்சை உள்ளே இழுங்கள். நாலு எண்ணுங்கள். மெதுவாக வெளியே விடுங்கள்.

2020 கொவிட் ஊரடங்கில் மாணவர்களின் வட்ஸ்அப் குழுக்களில் சுற்றின ஆலோசனைப் படங்கள் நினைவிருக்கா? பின்னால நீல வானம். முன்னால தாமரைப்பூ. நடுவில கண்ணை மூடிக்கொண்டு ஒரு பிள்ளை. கீழே வரிசையாக: நேரத்துக்கு எழும்புங்கள், நேரத்துக்குப் படுங்கள், யோகா செய்யுங்கள், போனைத் தூர வையுங்கள்.

போனைத் தூர வைக்கிறதா?

லெக்சர் அதுக்குள்ள. நோட்ஸ் அதுக்குள்ள. அசைன்மென்ட் அதுக்குள்ள. "நாளைக்குக் குவிஸ் இருக்காம்" எண்டு இரவு பதினொன்றரைக்கு பட்ச் குழுவில் ஒருத்தன் தூக்கிப் போடுற குண்டும் அதுக்குள்ளதான். உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 18இல் ஒரு மனநலக் குறிப்பு வெளியிட்டது. மனதைக் குழப்பும் செய்திகளைக் குறையுங்கள், நாளுக்கு ஒன்றிரண்டு தடவை மட்டும் பாருங்கள் என்பது அதில் ஒரு புத்தி. நல்ல புத்திதான். ஆனால் வகுப்பும் செய்தியும் ஒரே போனில் வருகிற வீட்டில் எதை மூடி எதைத் திறக்கிறது?

(மூச்சுப் பயிற்சியில் குறை ஒன்றும் இல்லை. நெஞ்சு படபடக்கிற நேரம் அது உண்மையாகவே உதவும். ஆனால் எவ்வளவு நேரம் மூச்சைப் பிடித்தாலும் பரீட்சைத் திகதி வராது, பாருங்க.)

அந்தப் படங்களைப் பார்த்து ஏன் எரிச்சல் வருகிறது என்றால், பதற்றம் முழுக்க முழுக்கப் பிள்ளையின் மண்டைக்குள் இருக்கிற கோளாறு மாதிரி அவை பேசின. கம்பஸ் பிள்ளைகளை அந்த நாட்களில் அரித்ததில் பெரும்பகுதி மண்டைக்கு வெளியே இருந்தது. திகதி, டேட்டா, காசு. அதிலும் முதலில் திகதி.

இதைக் கிளிவெட்டியில் நின்று பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். திருகோணமலை மாவட்டத்தில், மூதூருக்குத் தெற்கே, மட்டக்களப்பு வீதியோடு இருக்கிற வயல் ஊர் அது. மகாவலித் தண்ணீரை நம்பி நெல் விளைகிற பக்கம். இங்கிருந்து ஏ.எல் பாஸாகி வெளிக்கிடுகிற பிள்ளைக்கு வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் கிடைக்கலாம், கோணேசபுரியில் அதன் திருகோணமலை வளாகம் கிடைக்கலாம், யாழ்ப்பாணமோ ஒலுவிலோ கிடைக்கலாம். எது கிடைத்தாலும் பெட்டி கட்ட வேண்டும். போடிங் அல்லது ஹொஸ்டல். கம்பஸ் என்றால் இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு கட்டில், ஒரு மேசை, இரவு எரிகிற ஒரு லைட், வாசிகசாலையில் ஒரு கதிரை. படிப்பு அதோடு சேர்ந்துதான் வரும்.

2020 மார்ச் நடுப்பகுதியில் பல்கலைக்கழகங்களை இரண்டு கிழமைக்கு மூடுகிறோம் என்று அறிவித்தார்கள். இரண்டே இரண்டு கிழமைதானே. அந்தக் கணக்கில் நாலு உடுப்பை மடித்துக்கொண்டு, புத்தகங்களை ஹொஸ்டலிலேயே விட்டுவிட்டு பஸ் ஏறினவர்கள் எத்தனை பேர்! மார்ச் 20, வெள்ளிக்கிழமை பின்னேரம் 6 மணிக்கு நாடு முழுவதும் ஊரடங்கு. இரண்டு கிழமை மாதங்களாக நீண்டது.

ஒரு வேடிக்கை. கம்பஸ் எல்லாம் மூடின அதே மாதத்தில் கிழக்கில் ஒரு கம்பஸ் திறந்தது. புணாணையில் வருடக்கணக்காகச் சர்ச்சையில் கிடந்த மட்டக்களப்பு கம்பஸ் கட்டடம். ஒரு மாணவனும் கால் வைக்காத அந்த இடத்துக்கு மார்ச் 10ஆம் திகதி அளவில் வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்களை பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கினார்கள். நாட்டின் முதல் தனிமைப்படுத்தல் நிலையங்களில் ஒன்று அது.

இனி ஊர்ப் பெரியவர்களின் கதைக்கு வருவோம்.

"இதெல்லாம் ஒரு ஊரடங்கா புள்ள? நாங்க பாக்காததா?"

இந்த வசனத்தைக் கேட்காத பிள்ளை மூதூரைச் சுற்றின இந்தக் கொட்டியாரப் பக்கத்தில் இருந்திருக்காது. அதில் பொய்யும் இல்லை. கிளிவெட்டிக்குப் பக்கத்துக் கிராமம் குமாரபுரம். 1996 பெப்ரவரி 11ஆம் திகதி அங்கே இருபதுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். வழக்கு இருபது வருடம் இழுபட்டு, 2016 ஜூலையில் அநுராதபுரம் மேல் நீதிமன்றத்தில் எதிரிகளான முன்னாள் இராணுவத்தினர் ஆறு பேரும் விடுதலையானார்கள். 2006இல் மாவிலாற்று மதகுப் பிரச்சினையோடு கிழக்கில் மறுபடி போர் மூண்டது. மூதூர்ப் பக்கத்துச் சம்பூர்ச் சனம் இடம்பெயர்ந்து, 2007 முதல் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் இருந்தார்கள். தகரக் கொட்டில், பொதுக் கிணறு, நிவாரண அட்டை. 2015, 2016இல்தான் காணிகள் திரும்பக் கிடைத்தன.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 2020இல் கம்பஸில் இருந்த 21 வயதுப் பிள்ளை 1999இல் பிறந்தது. 2006இல் அதுக்கு ஏழு வயது. சம்பூர்ப் பிள்ளை என்றால், வாய்ப்பாடு பாடமாக்கின காலம் தொடங்கி ஓ.எல் வரைக்கும் முகாம். "நாங்க பாக்காததா" என்று பெரியவர்கள் சொல்லும்போது அந்தப் பிள்ளையும் கூட இருந்து பார்த்ததுதான். அதே பிள்ளைக்கு, வீட்டை விட்டு வெளிக்கிடாதே, வீதியில் ஆமி நிக்குது, எப்ப முடியும் என்று ஒருத்தருக்கும் தெரியாது என்று மூன்றையும் திரும்ப ஒரே மூச்சில் சொன்னால் உடம்பு எப்படி எடுக்கும்? கொவிட் தடுப்புக்கான தேசிய செயற்பாட்டு மையத்துக்கு அப்போது தலைவர் இராணுவத் தளபதி. ஊரடங்கை மீறியதாக நாடு முழுவதும் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். கொழும்பில் இது சுகாதாரச் செய்தி. மூதூர்ப் பக்கத்தில் சோதனைச் சாவடி என்றால் அதுக்கு முன்கதை உண்டு.

உளமருத்துவர் தயா சோமசுந்தரம் வட இலங்கையின் போர்க்காலத்தை வைத்து எழுதியதில் முக்கியமான விஷயம், காயம் தனி ஆளுக்கு மட்டும் வருவதில்லை, குடும்பத்துக்கும் ஊருக்கும் சேர்த்து வரும் என்பதுதான். அதை இங்கே பொருத்திப் பார்த்தால், "நெஞ்சுக்குள்ள என்னவோ செய்யுது" என்று மகள் சொன்னால் தகப்பன் ஏன் எரிந்து விழுகிறார் என்று கொஞ்சம் விளங்கும். அவருடைய நெஞ்சுக்குள்ளும் என்னவோ செய்திருக்கும். அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

(கொட்டியாரமும் அடைபட்டுக் கிடப்பதும் என்றால் இன்னொரு ஆளை விட்டுவிட்டுப் போக முடியாது. ரொபர்ட் நொக்ஸ். 1660இல் கொட்டியாரக் குடாவில் கப்பலோடு வந்து, கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் தகப்பனோடு பிடிபட்டவர். வயது பத்தொன்பது, கம்பஸ் வயது! அடுத்த வருடமே காய்ச்சலில் தகப்பன் போய்விட்டார். மகன் பத்தொன்பது வருடம் கண்டி இராச்சியத்துக்குள்ளேயே கிடந்தார், வெளியேறவே முடியாமல். என்ன செய்தார்? தொப்பி பின்னினார். நெல்லை வட்டிக்குக் கொடுத்தார். பின்னின தொப்பி ஒன்றைக் கொடுத்து ஒரு பைபிள் வாங்கினார். 1679இல் தப்பி ஓடினார். 1681இல் இலங்கையைப் பற்றிப் புத்தகம் போட்டார். அவரிடம் யாரும் நேரத்துக்கு எழும்பச் சொல்லவில்லை, சூமில் கமராவைப் போடச் சொல்லவும் இல்லை.)

சரி, கிருமிக் காலத்துக்கே திரும்புவோம். பதற்றத்தை அளக்கிறதுக்கு மருத்துவர்களிடம் ஒரு சின்னக் கேள்விக்கொத்து இருக்கிறது. ஜி.ஏ.டி-7 என்று பெயர். 2006இல் வந்தது. ஏழு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் பூச்சியத்திலிருந்து மூன்று வரை புள்ளி, மொத்தம் 21. கடைசி இரண்டு கிழமையில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்று கேட்கும். 5 வந்தால் லேசு, 10 நடுத்தரம், 15உம் அதுக்கு மேலும் கடுமை. ஐந்தாவது கேள்வி, ஓரிடத்தில் இருக்க முடியாமல் அந்தரப்பட்டதா என்பது. ஊரடங்கில் கேட்கிற கேள்வியா இது?

சீனாவில் 2020 தொடக்கத்தில் இதே கொத்தை வைத்து ஷான்சி மாகாணத்தின் சாங்ஷி மருத்துவக் கல்லூரியில் 7,143 மாணவர்களிடம் கேட்டார்கள். கடுமையான பதற்றம் 0.9 வீதம், நடுத்தரம் 2.7, லேசானது 21.3. கூட்டினால் கிட்டத்தட்ட நாலில் ஒருத்தர். இந்த எண்ணிக்கையை விட அதுக்குப் பின்னால் இருந்த காரணங்கள்தான் கவனிக்க வேண்டியவை. தெரிந்த ஆளுக்குத் தொற்று வந்திருந்தால் பதற்றம் கூடியது, அது எதிர்பார்த்ததுதான். வீட்டு வருமானம் நிலையாக இருந்தவர்களுக்குக் குறைந்தது. நகரத்தில் இருந்தவர்களுக்குக் குறைந்தது. தாய் தகப்பனோடு இருந்தவர்களுக்குக் குறைந்தது. படிப்பு தள்ளிப் போகுமே என்ற கவலை கூடக் கூடப் பதற்றமும் கூடியது.

கிளிவெட்டிப் பிள்ளையை இந்தப் பட்டியலில் வைத்துப் பாருங்க. தாய் தகப்பனோடு இருக்கு, அதில் பாஸ். நகரமா? இல்லை. நிலையான வருமானமா? வயல் கூலி, மேசன் வேலை, மீன் வியாபாரம் எல்லாம் ஊரடங்கில் படுத்துவிட்டது. படிப்பு தள்ளிப் போனதா? அதைத்தான் சொல்லப் போகிறோம்.

அதுக்கு முன் காசு. மஹாபொல புலமைப்பரிசில் அப்போது மாதம் 5,000 ரூபா. அரசாங்கம் ஏப்ரலிலும் மே மாதத்திலும் வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கொடுத்த நிவாரணமும் 5,000 ரூபா. ஒரு பிள்ளையின் படிப்புச் செலவுக்கு என்று வைத்த தொகையும் ஒரு முழு வீட்டின் மாத வயிற்றுப்பாட்டுக்கு என்று கொடுத்த தொகையும் ஒன்று. அப்படி ஒரு வீட்டில் மஹாபொல காசு எங்கே போயிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. ரீலோட் போடக் காசு கேட்கிறதே ஒரு பதற்றம். கடைக்காரரிடம் கொப்பிக்கணக்கில் அரிசி வாங்குகிற வீட்டில் "அப்பா, டேட்டா முடிஞ்சுது" என்று எந்த முகத்தோடு போய் நிற்கிறது?

ஒரு நல்ல காரியமும் நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகங்களை இணைக்கிற லேர்ன் வலையமைப்பு வழியாக நடக்கும் சூம் வகுப்புகளையும், பல்கலைக்கழகங்களின் கற்றல் தளங்களையும் டேட்டா கழியாமல் பார்க்க 2020இல் ஏற்பாடு செய்தார்கள். தொலைபேசி நிறுவனங்களும் ஒத்துழைத்தன. வசதி கூடின நாடுகள் சிலவற்றில்கூட இது நடக்கவில்லை. ஆனால் படிப்பு அந்த இரண்டு வாசலுக்குள் மட்டுமா நடந்தது? சேர் வட்ஸ்அப்பில் போடுகிற வீடியோ, மிஸ் சொல்கிற யூடியூப் இணைப்பு, நண்பனிடம் சந்தேகம் கேட்கிற கோல் எல்லாம் சொந்தச் செலவு. சும்மா கிடைக்கிற டேட்டாவுக்கும் முதலில் சிக்னல் வேண்டும். சிக்னல் இருந்தாலும் பார்க்க ஒரு திரை வேண்டும். தொகைமதிப்புத் திணைக்களத்தின் 2019 கணக்கில் மேசைக்கணினியோ மடிக்கணினியோ இருந்த வீடுகள் நாட்டில் சுமார் 22 வீதம். மற்ற எல்லாருக்கும் உள்ளங்கை அளவுத் திரை. புள்ளிவிபரவியல் சூத்திரத்தை அதில் இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அந்தச் சுகம்.

2021இல் ஊவாப் பக்கத்துப் போஹிட்டியாவ கிராமப் பிள்ளைகள் சிக்னலுக்காக மூன்று கிலோமீற்றருக்கு மேல் காடும் மலையும் ஏறின கதை வெளிநாட்டுப் பத்திரிகைகள் வரைக்கும் போனது. லுணுகலப் பக்கத்தில் மரத்துக்கு மேலே குடில் கட்டி அதிலிருந்து படித்தார்கள். அவர்கள் பள்ளிப் பிள்ளைகள். கம்பஸ் பிள்ளைகளும் அதே நாட்டில், அதே சிக்னல் கோபுரங்களின் கீழ்தான் இருந்தார்கள். வரம்பில், குளக்கட்டில், மதிலில் ஏறி இருந்து லெக்சர் கேட்கிறதை ஊர் ஒரு பகிடியாகவே பார்த்துப் பழகியது. பகிடி பரீட்சை அன்றைக்குச் செல்லாது. ஒன்லைன் பரீட்சையில் விடைத்தாளைப் படம் எடுத்து, பி.டி.எஃப் ஆக்கி, நேரம் முடிய முன்னே ஏற்ற வேண்டும். கடைசிப் பத்து நிமிடம் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கும் பாருங்க... அந்த நேரம் ஜி.ஏ.டி-7ஐ நீட்டியிருந்தால் எல்லாருக்கும் 21.

இனி திகதிக் கதை. இதில்தான் விஷயமே இருக்கிறது.

2018, 2019 அளவில் கம்பஸுக்குள் நுழைந்த ஒரு பிள்ளையை எடுங்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பு. பல்கலைக்கழகங்கள் மூடின. திறந்து மூச்சு விட முன்னே செப்ரெம்பரில் கல்விசாரா ஊழியர்களின் வேலைநிறுத்தம், ஒக்டோபர் வரைக்கும். பிறகு 2020 மார்ச். வருட நடுவில் கடைசி வருடத்தார் மட்டும் கட்டம் கட்டமாகப் பரீட்சைக்குப் போனார்கள். மற்றவர்கள் பெட்டி கட்டலாமா என்று யோசிக்கிற நேரம், ஒக்டோபர் தொடக்கத்தில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையில் கொவிட் கொத்தணி. திரும்பப் பூட்டு. 2021 சித்திரைப் புத்தாண்டுக்குப் பிறகு மூன்றாவது அலை, மே 21 முதல் பயணத்தடை. ஓகஸ்ட் 20இல் இன்னொரு ஊரடங்கு, ஒக்டோபர் 1 வரைக்கும். ஒவ்வொரு தடவையும் அறிவிப்பு ஒன்று வரும், அதைத் திருத்தி இன்னொன்று வரும், இரண்டுக்கும் நடுவில் வட்ஸ்அப்பில் ஒரு பொய் அறிவிப்பு வரும். மூன்றையும் வாசித்துவிட்டு அம்மா கேட்பார்: "கம்பஸ் எப்ப திறக்குமாம்?"

வாசலுக்கு வெளியே நின்றவர்களின் பாடு இன்னும் மோசம். 2019 ஓகஸ்டில் ஏ.எல் எழுதினவர்களுக்கு டிசம்பர் கடைசியில் ரிசல்ட்ஸ் வந்தது. பழைய பாடத்திட்டம், புதிய பாடத்திட்டம் என்று அந்த வருடம் இரண்டு வகையாகப் பரீட்சை நடந்ததால் இசட் ஸ்கோர்ச் சிக்கல் வேறு. வெட்டுப்புள்ளி வெளியானது 2020 ஒக்டோபர் கடைசியில். பத்து மாதம். கிடைக்குமா, கிடைக்காதா, எந்தக் கம்பஸ், எந்தப் பாடம் என்று ஒன்றுமே தெரியாமல் வீட்டுக்குள் பத்து மாதம்! கிடைத்த பிறகும் முதல் வருடம் ஹொஸ்டலில் தொடங்கவில்லை, வீட்டு மூலையில் தொடங்கியது. அடுத்த பட்ச்சுக்கு ஏ.எல் 2020 ஓகஸ்டிலிருந்து ஒக்டோபருக்குத் தள்ளிப் போனது. அதுக்கு அடுத்ததுக்கு 2022 பெப்ரவரி.

தமிழ்நாட்டுக் கதை இதுக்கு நேர் எதிர்ப்பக்கமாகப் போனது. 2020 ஓகஸ்ட் 26இல் அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி, அரியர் பரீட்சைக்குக் கட்டணம் கட்டினவர்கள் எல்லாரும் பாஸ் என்று அறிவித்தார். அரியர் மாணவர்களின் அரசன் என்று பனர் கட்டிக் கொண்டாடினார்கள் பொடியன்கள். பிறகு தொழில்நுட்பக் கல்விக் குழு ஆட்சேபித்தது, வழக்குப் போனது, 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் பரீட்சை வைக்கத்தான் வேண்டும் என்றது. ஆக, பாஸான பிள்ளைக்கும் பாஸா இல்லையா என்று தெரியவில்லை! சிரிக்கத்தான் தோன்றும். எட்டு மாதம் அப்படி நின்றவனுக்குச் சிரிப்பு வந்திருக்காது.

கிழக்கில் திகதிப் பதற்றத்துக்கு இன்னொரு வேர் உண்டு, வேலை. 2017இல் திருகோணமலையில் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் வீதியில் இருந்து போராடினதைப் பார்த்து வளர்ந்த தம்பி தங்கச்சிமார்தான் 2020இன் கம்பஸ் பிள்ளைகள். பட்டதாரிகளுக்கு அரச நியமனக் கடிதம் 2020 மார்ச் தொடக்கத்தில் வந்தது. தேர்தல் அறிவிப்பால் அது நிறுத்தப்பட்டது. கடைசியில் செப்ரெம்பரில்தான் ஆட்களைச் சேர்த்தார்கள், மாதம் 20,000 ரூபா பயிற்சிக் கொடுப்பனவோடு. அக்காவுக்குக் கடிதம் வந்து நின்றுபோன வீட்டில், மூன்றாம் வருடம் படிக்கிற தம்பி சூமில் என்ன மனதோடு இருந்திருப்பான்? ஒரு செமஸ்டர் பிந்தினால் அடுத்த ஆட்சேர்ப்புத் தவறிவிடும் என்பது அந்த வீட்டில் நெல்லுக் கணக்கு மாதிரித் தெளிவான கணக்கு.

தோப்பூர், மூதூர், கிண்ணியா முஸ்லிம் வீடுகளில் இதுக்கு மேல் ஒரு பாரம் இருந்தது. கொவிட்டால் இறந்தவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்று 2020 ஏப்ரலில் அரசாங்கம் ஒரே பிடியாக நின்றது. அடக்கமும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேட்கவில்லை. 2021 மார்ச் 5ஆம் திகதிதான் ஓட்டமாவடியில் முதல் ஜனாஸா அடக்கம் நடந்தது. வாப்பாவுக்குத் தடிமன் வந்தாலே வீடு முழுக்க நடுங்கின பதினொரு மாதம் அது. "மன அமைதிக்கு ஐந்து வழிகள்" என்று அந்த வீட்டுப் பிள்ளைக்கு அனுப்ப ஒரு துணிவு வேண்டும்.

அப்போ உதவியது எது? பெரிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. லெக்சரை வீடியோவாகப் போடாமல் குரல் பதிவாகவும் பி.டி.எஃப் ஆகவும் போட்ட சேர்மார் உதவினார்கள், சிக்னல் வரும்போது இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஒப்படைக்கிற நேரத்தை ஒரு மணித்தியாலமாக வைக்காமல் ஒரு நாளாக நீட்டினவர்கள் உதவினார்கள். "எனக்கும் திகதி தெரியாது பிள்ளையள், தெரிஞ்ச உடனே சொல்றன்" என்று ஒரு விரிவுரையாளர் குழுவில் எழுதினால், அந்த ஒரு வரி பத்துத் தாமரைப்பூவுக்குச் சமம். பழைய பாஸ்பேப்பரை அனுப்பின சீனியர், கமராவை மூடிவிட்டு இரவிரவாகச் சும்மா கதைத்த பட்ச்மேட், இவர்களையும் சேருங்கள். சாங்ஷி ஆய்விலும் ஆட்களின் ஆதரவு கூடின இடத்தில் பதற்றம் குறைந்துதான் இருந்தது.

அதுக்கும் மேல் போனால் ஆளிடம் கதைக்கத்தான் வேண்டும். நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, உயிரே வேண்டாம் போல இருக்கிறது என்றால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926ஐ, அல்லது 1333 உதவி இலக்கத்தை அழையுங்கள். யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.

திகதிக் கதை 2021 ஒக்டோபரோடு முடியவில்லை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. ஜூனில் எரிபொருள் இல்லாமல், பஸ் ஓடாமல் பல்கலைக்கழகங்கள் திரும்பவும் ஒன்லைனுக்குப் போயின. இந்தத் தடவை மாஸ்க் தேவையில்லை, கரண்ட்தான் தேவை. நாலு வருடப் பட்டத்துக்கு ஐந்து ஆறு வருடம் கொடுத்துவிட்டு வெளியே வந்த அந்த பட்ச்சுக்கு, செலவைக் குறைக்கிறோம் என்று அரசாங்கம் புது ஆட்சேர்ப்பை நிறுத்தின செய்தி காத்திருந்தது. 2022 என்ற அந்த ஒரு வருடத்தில் மட்டும் நாடு முழுவதும் ஒன்பது லட்சத்துக்கு மேல் கடவுச்சீட்டுகள் வழங்கப்பட்டன.